கூட்டிவந்தவர் பொறுப்பு

விடிவதற்கு முன்பே மூட்டைகள் வந்துவிடும். ஆஸ்பத்திரி மூட்டை தனி, ஓட்டல் மூட்டை தனி. ஆஸ்பத்திரி மூட்டையை அவிழ்க்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டல் மூட்டையை அவிழ்க்கும்போது வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நல்ல வார்த்தை எதுவும் வராது. மனுஷர்கள் படுத்து எழுந்த விரிப்பில் என்னென்ன இருக்கும் என்பதை எங்கள் சலவை ஆலையில் ஒரு வாரம் நின்றவளைக் கேட்டுப் பாருங்கள், ஜென்மத்துக்கும் ஓட்டலில் தங்க மாட்டீர்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கியது. டிரம்களில் துவைத்துப் பிழிந்த விரிப்புகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஈர விரிப்பு சும்மா வராது, தோள்பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வரும். ஒரு முனை என் கையில், மறு முனை என் ஓரகத்தி கையில். உதறி, விளிம்பை நேராக்கி, சுடுகிற இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். உருளைக்குள் கொதி ஆவி ஓடும். இந்தப் பக்கம் ஈரமாகப் போகும் துணி அந்தப் பக்கம் மொறமொறப்பாக வெளியே வரும், அங்கே நிற்பவர்கள் மடித்து அடுக்குவார்கள். முன்பு உருளைக்கு மூன்று பேர் நின்றோம். கூலியைக் குறைத்த மாதமே ஆளையும் ஒன்று குறைத்து, வேகத்தை மட்டும் கூட்டியிருந்தார் முதலாளி.

"அக்கா, இன்னிக்கு மெஷின் ரொம்பத் துரத்துது."

"துரத்தட்டும். நீ கையை மட்டும் பின்னாடியே வச்சுக்க."

"பின்னாடி வச்சா துணி எப்படிப் போகும்? ஊதித் தள்ளவா?"

என் ஓரகத்திக்கு வாய் அப்படி. என் கணவரின் தம்பி மனைவி. ஊரில் இருந்தவரை அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அடுப்பங்கரையில் ஒருத்தி நுழைந்தால் மற்றவள் வெளியேறிவிடுவோம். இங்கே வந்த பிறகு அவளுக்கு மேல் கட்டில், எனக்குக் கீழ்க் கட்டில். பேச்சுத் துணைக்கு வேறு நாதி இல்லாததால் சண்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டு அக்கா தங்கை ஆகிவிட்டோம்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். துணி தடித்துப் போனாலும் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது, வேலை கெடுகிறது என்று முதலாளி அந்தக் கம்பியை மேலே தூக்கி, வயர் போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டார். கட்டும்போது நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். கூலியைக் குறைத்தபோதும் அப்படித்தான் நின்றோம். ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்பீர்கள். அதற்கு நாங்கள் ஏன் இந்த ஊரில் இருக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

ரொட்டிக் கடைக்காரர் ஒருமுறை என்னிடம் கேட்டார், "இவ்வளவு பெரிய நாட்டுல உங்க ஆளுங்க மட்டும் ஏம்மா இந்தப் பாழாப்போன ஊருக்கே வர்றீங்க?" நியாயமான கேள்வி. ரயிலில் கொஞ்ச நேரம் போனால் பெரிய நகரம் இருக்கிறது. துறைமுகம், அகலமான தெருக்கள், நல்ல பள்ளிக்கூடம், இதைவிட நல்ல கூலி. அங்கே எங்கள் ஆள் என்று சொல்ல ஈ காக்காய் இல்லை. இங்கேயோ எந்நேரமும் மூக்கில் சோடாக் காரம், ரயில் தண்டவாளத்தை ஒட்டி வரிசை அறைகள், குளிர் காலத்தில் குழாயில் தண்ணீர் வராது. ஆனாலும் இங்கேதான் வருகிறோம். கடைக்காரருக்கு நான் சொன்ன பதில், "அங்க ரயிலை விட்டு இறங்கினா எங்களை யாருண்ணே கூப்பிடுவாங்க?" அவ்வளவுதான் விஷயம். எங்கே ஒருத்தி ஸ்டேஷனில் வந்து நின்று பெட்டியை வாங்கிக்கொள்வாளோ, அதுதான் எங்களுக்கு ஊர்.

முதலில் வந்தவள் அடுத்தவளைக் கூப்பிட்டாள், அவள் தன் சித்தி மகளைக் கூப்பிட்டாள். இப்படியே வந்து சேர்ந்த கூட்டம் நாங்கள். புதிதாக வருகிறவளை, கூட்டிவந்தவள் முதலாளியின் அறைக்கு அழைத்துப்போய், "இவளுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். அது எங்களுக்குள் பெருமையான விஷயம். பிறகுதான் தெரிந்தது, முதலாளி அந்தப் பேச்சில் எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறார் என்று. ஒருத்தி எதிர்த்துப் பேசினால் அவளைக் கூட்டிவந்தவளுக்கும் சேர்த்து வேலை போகும், அறை போகும். கூட்டிவந்தவள் பேசினால் வந்தவளுக்கும் அதே கதி. சொந்தக்காரியின் சோற்றில் யார் மண்ணைப் போடுவார்கள்? அதனால்தான் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு ஒரு விரிப்பின் முனை முறுக்கிக்கொண்டு வந்தது. முறுக்கோடு போனால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டும், அதை எங்கள் கூலியில் பிடிப்பார்கள். அவள் எட்டி அந்த முனையைப் பிடித்து இழுத்தாள். துணி அவள் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே போனது.

முதலில் அவள் கத்தவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னாள், எதையோ எடுத்துத் தரச் சொல்வது மாதிரி. அதற்கப்புறம் கத்தினாள் பாருங்கள், அந்தக் குரல் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

எங்கள் பக்கத்து நிறுத்தும் பொத்தான் எப்போதோ செத்துவிட்டது. அந்தப் பக்கம் மடிக்கிற இடத்தில் ஒன்று இருந்தது. அதற்கு நேர் முன்னால் பயந்தாங்கொள்ளி நின்றுகொண்டிருந்தாள். என் அத்தை மகள் அவள், என்னை இங்கே கூட்டிவந்தவளும் அவள்தான். பல்லிக்குப் பயப்படுவாள், முதலாளியின் செருப்புச் சத்தத்துக்குப் பயப்படுவாள், அதனால் எல்லோருக்கும் அவள் பயந்தாங்கொள்ளி. "அமுக்குடி! அமுக்குடி பாவி!" என்று நான் அலறினேன். அவள் மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு சிலையாக நின்றாள். நான்தான் மெஷினைச் சுற்றி ஓடிப்போய் அமுக்கினேன். உருளையைத் தூக்குகிற கைச்சக்கரத்தைச் சுழற்றி அவள் கையை வெளியே எடுத்தபோது அது கையாக இல்லை. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

அழுக்கு மூட்டை ஏற்றுகிற வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாங்கள் துவைத்து அனுப்பிய விரிப்பின் மேல்தான் அவளைப் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார்.

"இது எங்க நடந்தது?"

முதலாளியின் டிரைவர் என் பக்கத்திலேயே நின்றான். நான் அவனைப் பார்த்தேன்.

"பாருங்கம்மா, வேலை செய்யற இடத்துல நடந்ததுன்னா வைத்தியம் முழுக்க உங்க முதலாளி பார்த்துக்கணும். விரலைக் காப்பாத்தலாம், ரெண்டு மூணு ஆபரேஷன் ஆகும். வீட்டுல நடந்ததுன்னா கட்டுப் போட்டு அனுப்பறதைத் தவிர எனக்கு வழி இல்ல. சாயங்காலத்துக்குள்ள வந்து உண்மையைச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்லுங்கள் என்று அவர் அழுத்தியதில் எல்லாம் இருந்தது. ஆனால் டிரைவரின் போன் அதற்குள் அடித்துவிட்டது, முதலாளி என்னை உடனே வரச் சொன்னார்.

முதலாளியின் அறை கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் ஆலை முழுக்கத் தெரியும், சத்தம் மட்டும் வராது. என்னை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் உட்காரச் சொன்னதே இல்லை. அவர் பேசியது அவர் பாஷையில், நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

"எப்படி இருக்கா?"

"கை போயிரும்போல இருக்குங்க."

"ச்ச, பாவம். ரூம்ல அடுப்புல இருந்த சுடுதண்ணி கொட்டிடுச்சுன்னு சொல்லிடு."

"மெஷின்ல மாட்டினதுங்க முதலாளி. தடுப்பைக் கட்டி வச்சதாலதான்..."

"அதை நான் கேட்கல. அவளைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"நான்தாங்க."

"இதே இடத்துல நின்னு என்ன சொன்ன?"

"இவளுக்கு நான் பொறுப்புன்னு..."

"அவ்வளவுதான். பொறுப்பு உன்னோடது. வேலை தெரியாதவளைக் கொண்டுவந்து விட்டுட்டு என் மெஷினைக் குத்தம் சொல்லாத." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்க ஆளுங்களுக்கு வேற ஊரே கிடைக்கலையா? இங்கேயே வந்து குவியிறீங்க. பெரிய நகரத்துக்குப் போயேன் பார்ப்போம். அங்க உனக்கு யார் இருக்கா? சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சொல்லிட்டு வந்தா உன் வேலை உனக்கு. அவ ஊருக்குப் போக டிக்கெட் நானே எடுத்துத் தர்றேன். இல்லேன்னா ரெண்டு பேரும் ரூமைக் காலி பண்ணுங்க. சாவிக்காரிகிட்ட சொல்லியாச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பயம்தான் வந்தது. ஊரில் என் கணவர் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கிறார். பிள்ளைகளின் படிப்பு, கொழுந்தன் வீட்டு அடுப்பு, எல்லாம் எங்கள் இரண்டு பேரின் நாலு கையில்தான் நடந்தது. அதில் ஒரு கை போய்விட்டது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டாமா என்று மனசு கணக்குப் போட்டது. பொய் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டால் போதும் என்றுகூட யோசித்தேன்.

அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க அறைக்குப் போனேன். சாவியக்கா அங்கே எங்கள் மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்களில் முதலில் இந்த ஊருக்கு வந்தவர் அவர்தான். இப்போது ஆலையில் நிற்க முடியாமல் வரிசை அறைகளைப் பார்த்துக்கொள்கிறார். எல்லா அறைச் சாவியும் அவர் இடுப்பில். முதலாளி சொன்னால் திறப்பார், சொன்னால் பூட்டுவார்.

"சுருட்டி வைக்கச் சொன்னாரு. என் மேல கோபப்படாதடி."

"கோபப்பட்டா மட்டும் விரிச்சுடவா போறீங்க?"

"நான் வந்தப்போ இந்த வரிசையில யாருமே இல்ல தெரியுமா? பேச ஆளில்லாம சுவத்தோட பேசிட்டுக் கிடந்தேன். அதுக்கு இவருக்கு அடங்கிப் போறது தேவலாம்னு நெனச்சுக்க."

"அப்படி யாரு கூப்பிட்டாங்கன்னு வந்தீங்க? நீங்க வராம இருந்திருந்தா நாங்க யாருமே வந்திருக்க மாட்டோம். அவ கை அவகிட்டயே இருந்திருக்கும்."

அவர் சாவிக் கொத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியில் ஆலைக்குள் நுழைந்தேன். மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். நிஜத்தைச் சொன்னால், "போ, பொய் சொல்லு, வேற வழியில்ல" என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது எனக்கு. முதலில் சொன்னவள் பயந்தாங்கொள்ளிதான்.

"சொல்லிடுடி. ஒருத்திக்காக எல்லாரும் தெருவுல நிக்க முடியுமா?"

"பொத்தானை அமுக்கியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

அவள் முகம் செத்துப்போயிற்று. "கை வரலடி. அமுக்கினா யாரு நிறுத்தினான்னு கேட்பாங்களேன்னு... கை வரவே இல்லடி."

அப்போதுதான் உருளைக்கு முன்னால் பார்த்தேன். காலையில் என் ஓரகத்தி நின்ற அதே இடத்தில் வேறொருத்தியை நிறுத்தியிருந்தார்கள். பயந்தாங்கொள்ளியின் மகள். ஊரிலிருந்து வந்து இன்னும் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காத பெண். தடுப்புக் கம்பி இன்னும் மேலேயேதான் கட்டியிருந்தது. துணி முறுக்கிக்கொண்டு வந்தது. அவள் எட்டி முனையைப் பிடிக்கப் போனாள்.

மெஷின் நின்றது.

திரும்பிப் பார்த்தால், பயந்தாங்கொள்ளி பொத்தான் மேல் இரண்டு கையையும் வைத்து, உடம்பு மொத்தத்தையும் சாய்த்து அமுக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "இவளுக்கு நான் பொறுப்பு. இவளுக்கு நான்தானே பொறுப்பு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி இறங்கி வந்தார்.

"யார் நிறுத்தினது?"

"நான்தாங்க." கை இன்னும் பொத்தானை விடவில்லை.

"அவ்வளவு தூரம் வந்துடுச்சா? உன்னைக் கூட்டிட்டு வந்தவ யாரு? வரச் சொல்லு. ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க."

துவைக்கிற பக்கத்திலிருந்து டிரம்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பயந்தாங்கொள்ளியைக் கூட்டிவந்த நாத்தனார் அவள், வாட்டசாட்டமான ஆள். வருவதற்கு முன்னால் தன் டிரம்மை நிறுத்திவிட்டு வந்தாள்.

"டிரம்மை ஏன் நிறுத்தின?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க? ஓட விட்டுட்டு வந்தா ஆபத்தில்லையா முதலாளி?" என்றாள் டிரம்காரி. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

எனக்கு அப்போது என்னமோ ஆயிற்று. காலையிலிருந்து வராத கோபம் மொத்தமாக வந்தது. "என்னைக் கூட்டிட்டு வந்தது இவதாங்க" என்று பயந்தாங்கொள்ளியின் பக்கத்தில் போய் நின்றேன். "இவ போனா நானும் போகணும். அதானே உங்க சட்டம்?"

"அப்போ நானும்தான்" என்று டிரம் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். "என்னை டிரம்காரி அக்கா கூட்டிட்டு வந்தாங்க." அவளுடைய டிரம்மும் நின்றது. அவள் கூட்டிவந்தவள் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்தாள். உலர்த்துகிற பக்கம் நின்றது. யாரும் கோஷம் போடவில்லை. ஒவ்வொருத்தியும் தன்னைக் கூட்டிவந்தவளின் பக்கத்தில் போய் நின்றாள், அவ்வளவுதான். அவர் போட்ட சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்ததில் ஆலை மொத்தமும் நின்றுபோனது. அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக வெளியே ரயில் போகிற சத்தம் கேட்டது.

"டிரம்காரியைக் கூட்டிட்டு வந்தது சாவிக்காரிதானே? கூப்பிடு அவளை!" என்று முதலாளி கத்தினார். "அவ சொல்லுவா உங்களுக்கு."

சாவியக்கா ஏற்கெனவே வாசலில்தான் நின்றார். எப்போது வந்தாரோ தெரியாது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதிப் பேருக்கு ஸ்டேஷனில் பெட்டி தூக்கியவர் அவர்தான்.

"நீயே சொல்லு" என்றார் முதலாளி. "இதுக்கெல்லாம் யார் பொறுப்பு?"

"சொல்றேங்க. சட்டப்படியே சொல்றேன். இவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்த வரிசையில முதல் ஆள் நான். என்னைக் கூட்டிட்டு வந்தது யாருன்னு நீங்க கேட்கலையே?"

முதலாளி கண்ணாடி அறைப் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான்" என்றார் சாவியக்கா. "இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கூட இந்தக் கொதி ஆவியில நிக்க மாட்டேன்னுட்டாங்க. அப்போ நீங்கதான் எங்க ஊருக்கு ஆள் தேடி வந்தீங்க. எனக்கு இந்த ஊர் பேரைக்கூடச் சொல்லத் தெரியாது. ஸ்டேஷன்ல நீங்கதான் வண்டியோட வந்து நின்னு என் பெட்டியை வாங்கினீங்க. 'பயப்படாதம்மா, உனக்கு நான் பொறுப்பு'ன்னு சொன்னீங்க. அந்தப் பேச்சு எங்களோடது இல்ல முதலாளி. உங்ககிட்ட கேட்டுத்தான் நான் சொல்லக் கத்துக்கிட்டேன். என்கிட்ட கேட்டு இவளுங்க கத்துக்கிட்டாளுங்க. அப்போ அந்தப் பொண்ணு கைக்கு யார் பொறுப்பு?"

முதலாளியின் முகம் கருத்தது. "நாளைக்கே வேற ஆளுங்களைக் கொண்டுவர்றேன் பாரு!"

"கொண்டுவாங்க" என்றாள் டிரம்காரி. "எங்க ஊர்ல ஒரு பொண்ணு பெட்டியைக் கட்டணும்னா, போகலாமான்னு முதல்ல எங்களைத்தான் கேட்பா. நாங்க என்ன சொல்லுவோம்னு நெனக்கிறீங்க?"

அவர் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போனை எடுப்பது தெரிந்தது. யாருக்குப் பேசினார், போலீசுக்கா, வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிறவனுக்கா, எங்களுக்குத் தெரியாது. எதையும் ஜெயித்துவிட்டோம் என்று யாரும் ஏமாறவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எல்லோருமே நடந்து போனோம். ஈரப் பாவாடையும் சோடா நாற்றமுமாக நாங்கள் நுழைந்ததைப் பார்த்து வாசல்காரன் தடுத்தான். "இந்த ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் யாரு துவைக்கிறான்னு நெனச்ச?" என்று டிரம்காரி ஒரு அதட்டல் போட்டாள், வழி விட்டான். டாக்டரம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"வேலை செய்யற இடத்துலதாங்க நடந்தது" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "தடுப்பைக் கட்டி வச்சிருந்தாங்க. உருளையில மாட்டிக்கிச்சு."

"நாளைக்கு இதை மாத்திச் சொல்ல மாட்டீங்களே? பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

பயந்தாங்கொள்ளி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் பார்த்தேங்க. பொத்தான்கிட்ட நின்னது நான்தான். என் பேரை முதல்ல எழுதிக்குங்க."

உள்ளே என் ஓரகத்தி கண்ணை மூடிக் கிடந்தாள். கை தோள்வரைக்கும் கட்டு. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். நான், எனக்குப் பின்னால் சாவியக்கா, அதற்குப் பின்னால் கதவை அடைத்துக்கொண்டு எல்லோரும். பயந்துவிட்டாள்.

"என்னக்கா, செத்தா போயிட்டேன்? எல்லாரும் பார்க்க வந்திருக்காங்க."

"வாயைக் கழுவுடி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நம்மள ஊருக்கு அனுப்பிடுவாங்களா?"

"தெரியாது."

"விரல் வருமா?"

"அதுவும் தெரியாது. டாக்டரம்மா பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"ரூமைப் பூட்டச் சொல்லிட்டாராமே. டிரைவர் வந்து சொன்னான். எங்கக்கா போய்ப் படுக்கறது?"

சாவியக்கா கட்டில் பக்கத்தில் வந்து, அவள் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"சாவி இன்னும் என் இடுப்புலதான் இருக்கு. மெத்தையை விரிச்சு வச்சுட்டுதான்டி வந்தேன்."